செய்பவர் எங்கே, செயல் எங்கே? சொல் மிகுந்த ஆங்கில வாக்கியங்களைச் சீர்செய்யும் முறை

குடியிருப்போர் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் அடிக்கடி காணப்படும் வகையைச் சேர்ந்த ஓர் ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

"ட்யூ டு தி ஃபேக்ட் தட் தேர் ஹாஸ் பீன் ஆன் இன்க்ரீஸ் இன் தி நம்பர் ஆஃப் கம்ப்ளெய்ன்ட்ஸ் ஃப்ரம் தி ரெசிடென்ட்ஸ் ரிகார்டிங் தி இர்ரெகுலர் சப்ளை ஆஃப் வாட்டர், எ டிஸ்கஷன் ஆஃப் தீஸ் கம்ப்ளெய்ன்ட்ஸ் வேர் கண்டக்டட் பை தி கமிட்டி அட் தி மீட்டிங் விச் வாஸ் ஹெல்ட் ஆன் மண்டே."

இதில் 42 சொற்கள் உள்ளன. தண்ணீர் ஒழுங்காக வராததால் குடியிருப்போர் முன்னைவிட அதிகமாகப் புகார் செய்தார்கள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் குழு அந்தப் புகார்களை விவாதித்தது என்பதுதான் இது சொல்ல வரும் செய்தி. ஓர் இலக்கணப் பிழையும் இருக்கிறது. "டிஸ்கஷன்" என்பது ஒருமை. அதற்கு "வாஸ்" என்ற வினைதான் பொருந்தும், "வேர்" பொருந்தாது. பெரும்பாலான ஆசிரியர்கள் சிவப்பு மையால் அந்த ஒரு சொல்லைத் திருத்திவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார்கள். பிழை நீங்கிவிடும், வாக்கியத்தின் சுமையோ சிறிதும் குறைந்திருக்காது.

அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்று பார்த்தால்தான் திருத்தும் வழி புலப்படும். எழுவாயாகிய "டிஸ்கஷன்" ஓரிடத்தில் நிற்கிறது. அதற்கும் வினைக்கும் நடுவே "ஆஃப் தீஸ் கம்ப்ளெய்ன்ட்ஸ்" என்ற தொடர் புகுந்துவிட்டது. எழுதியவரின் காதில் கடைசியாக ஒலித்தது "கம்ப்ளெய்ன்ட்ஸ்" என்ற பன்மைச் சொல் என்பதால், கை தானாகவே பன்மை வினையை எழுதிவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே சொற்கள் கூடக்கூட இத்தகைய பிழைகள் நேரும் வாய்ப்பும் கூடும். ஆகவே சொல் மிகுதியையும் இலக்கணப் பிழையையும் இரண்டு தனித்தனிக் குறைகளாகக் கருதி இரண்டு முறை திருத்த வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. வாக்கியத்தில் செயலைச் செய்பவர் யார், அவர் செய்த செயல் என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டு, செய்பவரை எழுவாயிலும் செயலை வினையிலும் வைத்துவிட்டால் இரண்டும் ஒருசேரச் சரியாகும்.

மேற்கண்ட வாக்கியத்தில் செய்பவர்கள் இரு தரப்பினர்: குடியிருப்போரும் குழுவினரும். செயல்களும் இரண்டு: புகார் செய்தது, விவாதித்தது. மூல வாக்கியத்தில் இந்த நான்கும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். குடியிருப்போர் "ஃப்ரம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிறார்கள். குழு "பை" என்ற சொல்லுக்குப் பின்னால் போய்விட்டது. புகார் செய்ததும் விவாதித்ததும் வினை வடிவத்தை இழந்து பெயர்ச்சொற்களாக நிற்கின்றன. வினைக்குரிய இடங்களிலோ "ஹாஸ் பீன்", "கண்டக்டட்", "ஹெல்ட்" ஆகிய மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றை மட்டும் படித்தால் என்ன நடந்தது என்பதை யாராலும் ஊகிக்க முடியாது. இனி செய்பவரையும் செயலையும் அவரவர் இடத்தில் வைத்து எழுதுவோம்.

"பிகாஸ் ரெசிடென்ட்ஸ் வேர் கம்ப்ளெய்னிங் மோர் ஆஃபன் அபௌட் தி இர்ரெகுலர் வாட்டர் சப்ளை, தி கமிட்டி டிஸ்கஸ்ட் தேர் கம்ப்ளெய்ன்ட்ஸ் அட் மண்டேஸ் மீட்டிங்."

42 சொற்கள் 19 ஆகிவிட்டன. செய்தியில் எதுவும் குறையவில்லை. "ட்யூ டு தி ஃபேக்ட் தட்" என்ற ஐந்து சொற்களின் வேலையை "பிகாஸ்" என்ற ஒரே சொல் செய்துவிட்டது. கூட்டம் என்றாலே நடந்ததுதான் என்பதால் "விச் வாஸ் ஹெல்ட்" தேவையற்றுப் போயிற்று. ஒருமை பன்மைப் பிழையைத் தனியாகத் திருத்தவே இல்லை. அது நேர்வதற்கான இடமே இல்லாமல் போய்விட்டது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. "மோர் ரெசிடென்ட்ஸ் கம்ப்ளெய்ன்" என்று இன்னும் சுருக்கியிருந்தால் புகார் செய்தவர்களின் எண்ணிக்கை கூடியது என்று பொருள் மாறியிருக்கும். மூலத்தில் கூடியது புகார்களின் எண்ணிக்கை; அதே பத்துப் பேர் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கலாம். சுருக்கும்போது பொருள் நகர்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வினையைப் பெயராக்கி, அந்தப் பெயரைத் தாங்க வேறொரு வெற்று வினையைக் கொண்டுவரும் பழக்கம்தான் சொல் மிகுதிக்கு முதன்மையான காரணம் என்பது என் கருத்து. "டிசைட்" என்ற ஒரு சொல் "மேக் எ டிசிஷன்" ஆகிறது. "இன்ஸ்பெக்ட்" என்பது "கேரி அவுட் ஆன் இன்ஸ்பெக்‌ஷன் ஆஃப்" ஆகிறது. "கன்சிடர்" என்பது "கிவ் கன்சிடரேஷன் டு" என்று நீள்கிறது. தமிழிலும் இதே நோய் உண்டு. "போலீசார் விசாரிக்கின்றனர்" என்று முடிய வேண்டிய செய்தி, "போலீசார் விசாரணை மேற்கொண்டு வருகின்றனர்" என்று நம் நாளிதழ்களில் தினமும் நீள்கிறது. தமிழில் இந்த வேறுபாட்டை உணர முடிந்தவர் ஆங்கிலத்திலும் அதை விரைவில் கண்டுகொள்வார்.

பெயர்ச்சொல் ஒரு செயலைச் சுமக்கும்போது இரண்டு செய்திகள் தொலைகின்றன. வினைச்சொல் காலத்தைக் காட்டும், பெயர் காட்டாது. செய்வினையாக வரும் வினைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் எழுவாய் வேண்டும் என்பதால் செய்தவர் யார் என்று சொல்லியே ஆக வேண்டும். பெயருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பும் அறிக்கைகளில் பெயர்ச்சொற்கள் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கட்டண ரசீதில் "நான்-பேமென்ட் வில் ரிசல்ட் இன் டிஸ்கனெக்‌ஷன்" என்று இருப்பதாகக் கொள்வோம். ஐந்தே சொற்கள். இதையே "இஃப் யூ டு நாட் பே, வீ வில் டிஸ்கனெக்ட் யுவர் சப்ளை" என்று எழுதினால் பத்துச் சொற்கள் ஆகின்றன. சொற்கள் இரு மடங்கானாலும் தெளிவானது இரண்டாவது வாக்கியம்தான். யார் செலுத்த வேண்டும், யார் இணைப்பைத் துண்டிப்பார்கள், எதைத் துண்டிப்பார்கள் என்பதெல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கின்றன. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த ஒருவர் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு அது தன்னைக் குறிக்கிறது என்றே அறியாமல் போகலாம். எனவே சொற்களை எண்ணுவதை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. வேலை செய்யாத சொல்தான் மிகைச் சொல். பொருளைத் தாங்கும் சொல் எத்தனை வந்தாலும் அது மிகையாகாது.

பெயரை வினையாக மாற்றும்போது தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "டிஸ்கஷன்" என்ற பெயருக்குப் பின்னால் "அபௌட்" வரலாம். "டிஸ்கஸ்" என்ற வினைக்குப் பின்னால் அது வராது. வினை நேராகத் தன் செயப்படுபொருளைப் பற்றிக்கொள்ளும். ஆனால் நாம் தமிழில் "அதைப் பற்றி விவாதித்தோம்" என்று சொல்லிப் பழகியிருப்பதாலும், பெயரோடு வந்த "அபௌட்" காதில் ஒட்டிக்கொண்டிருப்பதாலும், "வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி மேட்டர்" என்று எழுதிவிடுகிறோம். இதே வகையில் "எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி. "ஐ ரெக்வெஸ்டட் ஃபார் லீவ்" பிழை. "ஆன் எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி" சரி. "ஹீ எம்ஃபசைஸ்ட் ஆன் குவாலிட்டி" பிழை. பெயருக்கு உரிய முன்னிடைச்சொல்லை வினையோடு சேர்த்து இழுத்து வந்துவிடுவதுதான் இந்த மூன்றிலும் நடப்பது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

செய்பவர் மறைவதால் விளையும் மற்றொரு இலக்கணப் பிழையையும் பார்க்க வேண்டும். "ஆஃப்டர் ரிவ்யூயிங் தி அப்ளிகேஷன்ஸ், எ டிசிஷன் வாஸ் டேக்கன்" என்று எழுதுகிறார்கள். விண்ணப்பங்களைப் பரிசீலித்தவர் யார்? ஆங்கில இலக்கணப்படி, தொடக்கத்தில் வரும் அந்தத் தொடர் அடுத்து வரும் எழுவாயைச் சார்ந்தது. அடுத்து வரும் எழுவாயோ "டிசிஷன்". முடிவே உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தது என்று வாக்கியம் சொல்கிறது. தமிழ் வினைமுற்று தன் விகுதியிலேயே திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டிவிடுவதால் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்கு இயல்பு; "பரிசீலித்து முடிவெடுத்தோம்" என்றால் "நாங்கள்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில வினைக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. அங்கே எழுவாயை எழுதியாக வேண்டும்: "ஆஃப்டர் ரிவ்யூயிங் தி அப்ளிகேஷன்ஸ், தி கமிட்டி செலக்டட் டூ கேண்டிடேட்ஸ்." இப்போது பரிசீலித்ததும் குழு, தேர்ந்தெடுத்ததும் குழு. "முடிவு எடுக்கப்பட்டது" என்ற வெற்றுச் செய்தியின் இடத்தில் என்ன முடிவு என்ற செய்தியும் கிடைத்துவிட்டது.

வினையின் இடத்தைப் பொறுத்தும் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வரும். அதற்கு முன் எத்தனை எச்சங்கள் அடுக்கினாலும் தமிழ் வாசகர் பொறுமையோடு காத்திருப்பார், ஏனெனில் அவருடைய மொழி அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. ஆங்கில வாசகர் எழுவாயைப் படித்தவுடனே வினையை எதிர்பார்க்கிறார். நாம் தமிழ் முறையிலேயே சிந்தித்து, காரணத்தையும் சூழலையும் நிபந்தனையையும் முதலில் அடுக்கிவிட்டுக் கடைசியில் எழுவாயையும் வினையையும் வைக்கும்போது, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாவிட்டாலும் வாக்கியம் கனத்துவிடுகிறது. எழுவாயையும் வினையையும் முன்னே கொண்டுவந்து, விவரங்களை அவற்றின் பின்னே வரிசைப்படுத்துவது ஆங்கிலத்துக்கு இசைவான அமைப்பு. அப்படி எழுதினால் நீளமான வாக்கியமும் சிரமமின்றிப் படிக்கக் கிடைக்கும்.

இந்த அக்கறை ஆங்கிலேயர்களிடமும் வலுவாக இருந்தது. 1940 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டன் மீது ஜெர்மானிய வான்படை தாக்குதல் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் தம் அமைச்சரவைக்கு "பிரெவிட்டி" (சுருக்கம்) என்ற தலைப்பில் ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். வேலையின் பொருட்டு நாமெல்லோரும் ஏராளமான தாள்களைப் படிக்க வேண்டியிருக்கிறது, அவற்றில் ஏறக்குறைய எல்லாமே மிக நீளமாக இருக்கின்றன, முக்கியச் செய்தியைத் தேடுவதில் நேரமும் உழைப்பும் வீணாகின்றன என்பது அதன் சாரம். அவர் கண்டித்த தொடர்களில் ஒன்று, "கன்சிடரேஷன் ஷுட் பி கிவன் டு தி பாசிபிலிட்டி ஆஃப் கேரியிங் இன்டு எஃபெக்ட்" என்பது. இதில் "கன்சிடரேஷன்" ஒரு பெயர், "பாசிபிலிட்டி" ஒரு பெயர், "எஃபெக்ட்" ஒரு பெயர். யார் ஆலோசிக்க வேண்டும் என்பது எங்குமே இல்லை. வெறுமனே இடத்தை அடைக்கும் இத்தகைய பஞ்சுத் தொடர்களை முழுவதும் நீக்கிவிடலாம் அல்லது ஒரே சொல்லால் ஈடுசெய்யலாம் என்றார் அவர். போர்க்காலத்தில் ஒரு நாட்டின் தலைமை இதற்கு நேரம் ஒதுக்கியது எனக்கு வியப்பளிக்கவில்லை; புரியாத ஆணையால் உயிரே போகக்கூடிய காலம் அது.

போருக்குப் பின் 1948இல் பிரிட்டனின் நிதித்துறை, தன் அரசு ஊழியர்கள் எளிமையாக எழுதக் கற்க வேண்டும் என்பதற்காக எர்னஸ்ட் கோவர்ஸ் என்ற மூத்த அதிகாரியைக் கொண்டு ஒரு கையேட்டை எழுதச் செய்தது. 1979இல் கிறிஸ்ஸி மாஹர் என்ற பெண்மணி, ஏழை மக்களால் புரிந்துகொள்ள முடியாத அரசுப் படிவங்களை லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் கிழித்தெறிந்து எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில், மக்களுக்கான அரசு ஆவணங்கள் தெளிவான மொழியில் இருக்க வேண்டும் என்ற சட்டத்தில் 2010 அக்டோபர் 13 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். ஆங்கிலத்தைத் தம் சொந்த மொழியாகக் கொண்ட நாடுகளிலேயே இத்தனை முயற்சிகள் தேவைப்பட்டன என்றால், சிக்கலாக எழுதுவதுதான் உயர்ந்த ஆங்கிலம் என்று நம்மில் பலர் கொண்டிருக்கும் எண்ணத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஒரே பொருளுடைய இரண்டு சொற்களை இணைத்தே எழுதும் வழக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அந்நாட்டின் சட்டத்துறையில் ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் மூன்றும் கலந்து வழங்கின. "வில் அண்ட் டெஸ்டமென்ட்" போன்ற இரட்டைத் தொடர்கள் அந்தச் சூழலில் நிலைபெற்றவை. முதற்சொல் பழைய ஆங்கிலத்துக்கு உரியது, இரண்டாவது லத்தீன் வழி வந்தது. உயில் எழுதும் வழக்கறிஞருக்கு அந்த மரபு தேவைப்படலாம். சாதாரணக் கடிதத்தில் "ஈச் அண்ட் எவ்ரி" என்றோ "ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்" என்றோ எழுத ஒரு தேவையும் இல்லை. "ரிவர்ட் பேக்", "ரிடர்ன் பேக்", "ரிப்பீட் அகெய்ன்" ஆகியவற்றில் இரண்டாவது சொல்லின் பொருள் முதற்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "அட் திஸ் பாயின்ட் இன் டைம்" என்பதற்கு "நௌ" போதும். "இன் தி ஈவென்ட் தட்" என்பதற்கு "இஃப்" போதும். "ஃபார் தி பர்ப்பஸ் ஆஃப்" என்பதற்குப் பெரும்பாலும் "டு" அல்லது "ஃபார்" போதும்.

ஆனால் பழைய தொடர்கள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதும் தவறு. இந்திய அரசுக் கடிதங்களில் வரும் "ஐ ஆம் டைரக்டட் டு" என்ற தொடக்கத்துக்கு ஒரு வேலை உண்டு: கையெழுத்திடும் அதிகாரி தம் சொந்த விருப்பப்படி எழுதவில்லை, அரசின் ஆணைப்படி எழுதுகிறார் என்பதை அது உணர்த்துகிறது. அதைப் பார்த்துவிட்டு, யாருடைய ஆணையும் இல்லாத ஒரு தனியார் நிறுவன ஊழியர் தம் மின்னஞ்சலை அப்படித் தொடங்குவதுதான் பொருளற்றது.

செயப்பாட்டு வினையையும் இதே நிதானத்தோடு அணுக வேண்டும். கணினியில் உள்ள இலக்கணத் திருத்திகள் பல, செயப்பாட்டு வினையைக் கண்டவுடன் அடிக்கோடிடுகின்றன. செய்தவர் யார் என்பது அந்த இடத்தில் முக்கியமா என்று அவற்றுக்குத் தெரியாது. "தி பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் இன் 1914" என்பது நல்ல வாக்கியம். பேச்சு பாலத்தைப் பற்றியது. திறந்து வைத்தவரைப் பற்றியது அன்று. அதை மாற்றி எழுத முயன்றால் தேவையற்ற ஒருவரை உள்ளே கொண்டுவர நேரிடும். "மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்பதோ வேறு வகை: அங்கே தவறு செய்தவர் யார் என்பதைத்தான் வாசகர் அறிய விரும்புகிறார், அதைத்தான் வாக்கியம் மறைக்கிறது.

குறுக்கத்தில் ஆர்வம் மிகுந்தவர்கள் வெட்டிவிடும் சில சிறிய சொற்கள் உண்மையில் மிக முக்கியமானவை. "மே", "அபௌட்", "மோஸ்ட்", "அன்லெஸ்" போன்றவை சொல்லப்படும் செய்தியின் எல்லையைக் காட்டுகின்றன. "திஸ் மெடிசின் மே காஸ் ட்ரௌசினஸ்" என்பதில் "மே" போனால் மருந்தைப் பற்றிய உண்மையே மாறிவிடும். "தட்" என்ற இணைப்புச் சொல்லையும் பலர் மிகை என்று நீக்குகிறார்கள். "ஷீ ஃபௌண்ட் தி ஃபைல் வாஸ் எம்ப்டி" என்று படிக்கும் வாசகர் ஒரு கணம் அவள் கோப்பைக் கண்டெடுத்தாள் என்று எண்ணி, பிறகு "வாஸ் எம்ப்டி" வந்ததும் திரும்பிப் படிக்க வேண்டியிருக்கும். "ஃபௌண்ட் தட்" என்று எழுதியிருந்தால் அந்தத் தடுமாற்றம் வந்திராது. நான்கு எழுத்துகளைச் சேமித்து வாசகரின் நேரத்தைச் செலவழிப்பது நல்ல கணக்கு ஆகாது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் மிகப் பெரிய தயக்கம் மரியாதை பற்றியதுதான். சுருக்கமாக எழுதினால் மேலதிகாரி முகம் சுளிப்பாரோ என்ற அச்சத்தில்தான் நம் விடுப்புக் கடிதங்கள் நீள்கின்றன. "ஐ வுட் லைக் டு ஹம்ப்ளி ரெக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் எ பீரியட் ஆஃப் டூ டேஸ் ஆஸ் ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்" என்று எழுதுகிறோம். ஒரே வாக்கியத்தில் பணிவு மூன்று முறை வந்துவிட்டது. "ஆம் ஹேவிங்" என்ற பிழையும் சேர்ந்துவிட்டது, ஏனெனில் நோய் இருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் "ஹேவ்" என்ற எளிய நிகழ்காலமே வரும். மரியாதையை நீளம் காட்டுவதில்லை. "ப்ளீஸ்", "குட்" போன்ற சொற்களும் கேள்வி வடிவமும் காட்டுகின்றன. "குட் யூ ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ் ஆன் மண்டே அண்ட் ட்யூஸ்டே? ஐ ஹேவ் எ ஃபீவர்" என்று எழுதினால் பணிவு சிறிதும் குறைவதில்லை. கூடவே, மூல வாக்கியத்தில் எந்த இரண்டு நாட்கள் என்றே சொல்லப்படவில்லை என்பதும் இப்போதுதான் கண்ணில் படுகிறது. விடுப்பைப் பதிவு செய்ய வேண்டிய அலுவலருக்கு முதலில் தேவைப்படுவது அந்த நாட்களின் பெயர்தான்.